சீழ் கட்டாத காயம்

மன்னார்த் தீவின் பேசாலையில் எனக்கு எலிக்காரி என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அகஸ்ரினா. அது கோயிலில் பூசை வைக்கும்போது மட்டும் வெளியே வரும். ஜப்பானில், ஒசாகாவில் ஓர் ஆய்வுகூடத்தில் சுண்டெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருமுறை கரையில் வாயை விட்டுவிட்டேன். அவ்வளவுதான். "எலி பிடிக்கவோ பிள்ளை இவ்வளவு படிச்சனி?" என்று கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்களில் பாதிப்பேரோடு சண்டை பிடித்திருக்கிறேன். எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அப்படித்தான்.

நான் எலி பிடிப்பதில்லை. வெட்டுகிறேன். மயக்கமருந்து கொடுத்து, முதுகு மயிரை மழித்து, வட்டமான சின்னக் கத்தியால் தோலில் ஒரு துளை போடுவேன். அந்தக் காயம் எப்படி மூடுகிறது என்று நாளும் பொழுதும் பார்ப்பதுதான் வேலை. காயம் பட்டால் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் குழாயின் சுவரைப் பிடித்து நிற்கும். பிறகு சுவரை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, காயத்தை நோக்கி ஊர்ந்து போகும். அங்கே கிருமிகளோடு அடிபட்டுச் சாகும். அப்படிச் செத்தவற்றின் குவியலைத்தான் சீழ் என்கிறோம், அருவருக்கிறோம். அந்த அணுக்களுக்குச் சுவரைப் பிடிக்கிற பிடியைக் கொடுக்கும் மரபணு ஒன்று உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்த பெயர் அதற்கு. நான் மனதுக்குள் நங்கூரம் என்றுதான் சொல்வேன்.

ஒரு மரபணு எதற்கு என்று அறிய, அதைப் பறித்துவிட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கொடுமையான வழிதான், மறுக்கவில்லை. நங்கூரம் இல்லாமல் பிறந்த சுண்டெலியின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குவிந்து கிடக்கும். ஆனால் ஒன்றும் நிற்காது, ஒன்றும் இறங்காது. காயத்துக்குப் பக்கத்தால் ஓடிப் போய்விடும். காயம் சீழ் இல்லாமல், சிவப்பு இல்லாமல், கழுவித் துடைத்தது போல இருக்கும். பிறகு விளிம்பு கறுத்து அகலும். பிறகு எலி சாகும்.

இதையெல்லாம் என் தம்பி அருள்நேசனுக்கு ஒழுங்காக இருத்திச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

லீவில் வந்திருந்தேன். ஒரு காலை தம்பியின் மகள் பிரான்சிஸ்காவைக் கையில் பிடித்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஐந்து வயது, வாய் ஓயாது. "மாமி, உங்கட எலிக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். பேர் இல்லை, காதில் நம்பர் மட்டும்தான் என்றேன். "பாவம் மாமி. ஒண்டுக்கு என்ர பேரை வையுங்கோ" என்றாள்.

அப்போதுதான் தம்பியின் வள்ளம் வந்து ஏறியது. இறங்கியவனின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தியப் பக்கத்து இழுவைப் படகுகள், றோலர்கள், இரவு வலைக்கு மேலாலே இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன. வலை என்று சொல்ல ஒன்றும் இல்லை, தும்புதான். அதை அள்ளி மணலில் எறிந்துவிட்டுத் திரும்பினான். பக்கத்தில் மரியதாஸ் தன் வலையை உதறிக்கொண்டிருந்தான். அதில் ஒரு கண்கூட அறவில்லை.

மரியதாஸ் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். மனைவி கலாராணியோடு திரும்பி வந்து சில வருசம்தான். பேச்சு இன்னும் அந்தக் கரைப் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டாலே எங்கள் ஆட்களில் சிலருக்கு உடம்பில் மிளகாய் தடவினது மாதிரி.

"உன்ர வலையில மட்டும் ஒண்டும் இல்லை. எப்பிடியடா?" என்றான் தம்பி.

"நான் அந்தப் பக்கமே போகலண்ணே. தெக்கால போனேன்."

"றோலர்க்காரன் உன்ர ஆள் எல்லோ. போனில சொல்லிப்போட்டுத்தானே வாறாங்கள்?"

மரியதாஸ் வலையைக் கீழே போட்டான். "அண்ணே, நாக்க அடக்கிப் பேசுங்க. அங்க அகதின்னு வெரட்டுனாங்க. இங்க நீங்க இந்தியாக்காரன்னு வெரட்டுறீங்க. நாங்க எங்கதான் போயி சாகுறது?"

பதிலுக்கு என் தம்பி தலையால் அவன் மூக்கில் இடித்தான். எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனின் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மரியதாஸ் உருண்டு போய் தன் வள்ளத்துக்குள் கையை விட்டான். கையில் வந்தது காய்ந்த திருக்கைவால். ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த நீளம், அரம் மாதிரிச் சொரசொரப்பு. முகமெல்லாம் இரத்தம் வழிய, கண் தெரியாமல், அதைச் சுழற்றி வீசினான்.

தம்பி குனிந்துவிட்டான். என் கையை உதறிவிட்டு "அப்பா" என்று ஓடிய பிரான்சிஸ்கா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வால் அவள் கெண்டைக்காலைச் சுற்றி இழுத்தது.

மெல்லிய கோடு ஒன்று. இரத்தம் கொஞ்சம்தான் வந்தது. பிள்ளை கத்தியது வலியால் அல்ல, தகப்பன் அடுத்துச் செய்ததைப் பார்த்து. மரியதாஸின் நெஞ்சில் ஏறி இருந்து, பல் உதிர உதிரக் குத்தினான். "புள்ளைய அடிக்கல... புள்ளைய அடிக்கலண்ணே..." என்று அவன் இரத்தத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தான். நாலைந்து பேர் சேர்ந்துதான் இழுத்து எடுத்தார்கள். தம்பி வரும்போது அந்த வாலையும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக் கூரை வளையில் கொழுவினான்.

திருக்கைவால் பட்ட காயம் ஆறாது என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் இருக்கும் எண்ணம். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். காலைக் கழுவி மருந்து போட்டுக் கட்டிவிட்டு, ஒரு கருத்தரங்குக்காக யாழ்ப்பாணம் போனேன். திரும்பி வர ஒரு கிழமைக்கு மேலே ஆகிவிட்டது.

வந்ததும் தம்பியின் மனைவி டிலோஜினி பிள்ளையின் கால் கட்டைப் பெருமையாக அவிழ்த்துக் காட்டினாள். டிலோஜினி எங்கள் சொந்த அம்மானின் மகள், எனக்கு மச்சாள். எங்கள் குடும்பத்தில் கோபம் இல்லாமல் பிறந்த ஒரே ஆள்.

"பாருங்கோ மச்சாள், ஒரு பொட்டுச் சீழ் இல்லை. உப்பும் மஞ்சளும் போட்டு ஒவ்வொரு நாளும் கழுவுறன். எவ்வளவு துப்புரவான காயம் பாருங்கோ."

பார்த்தேன். கோடாக இருந்தது குழியாகியிருந்தது. உள்ளே சாம்பல் நிறம். சிவப்பு இல்லை, ஈரம் இல்லை, சீழ் இல்லை. விளிம்பைச் சுற்றிக் கறுப்பு. பிள்ளையின் உடம்பு காய்ச்சலில் கொதித்தது. இந்தக் காயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். நூறு தரம் பார்த்திருக்கிறேன், எலியின் முதுகில்.

"வாயைத் திற குஞ்சு" என்றேன். பல்லைச் சுற்றிய முரசு வீங்கி, பல்லை விட்டு விலகி நின்றது. "மச்சாள், இவள் பிறந்தபோது தொப்புள்கொடி எப்ப விழுந்தது?"

"அதை ஏன் கேக்கிறியள், துடக்குக் கழிச்ச அண்டும் விழேல்லை. ஒண்டரை மாசம் கிடந்தது. தாயை விட்டுப் போக மனம் இல்லாத பிள்ளை எண்டு எல்லாரும் சொன்னவை." டிலோஜினி மகளின் தலையைத் தடவிச் சிரித்தாள்.

தொப்புள்கொடி உலர்ந்து விழுவதற்கும் அதே அணுக்கள்தான் வந்து அறுக்க வேண்டும். அவை வரவில்லை. அன்றைக்கே வரவில்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இவர்கள் ஐந்து வருசமாக அதைப் பாசம் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

"வெளிக்கிடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றேன்.

"ஒருத்தரும் போகேல்லை." தம்பி வாசலில் நின்றான். "கட்டுக்கரைப் பரியாரியார் நாட்டு மருந்தெண்ணெய் தந்திருக்கிறார். விஷம் இறங்குமட்டும் ஊசி மருந்து ஏத்தக்கூடாது. ஏத்தினால் தலைக்கு அடிச்சிடும்."

"விஷம் இல்லையடா. காய்ஞ்ச வாலில என்ன விஷம்? இது இவளின்ர இரத்தத்தில உள்ள பிழை. காயத்துக்கு வரவேண்டிய அணு வருகுதில்லை. எங்கட எலியளுக்கு..."

"என்ர பிள்ளையை எலியெண்டு நினைச்சியோ?"

"விசர்க்கதை கதைக்காதை. கால் அழுகுது, உனக்குக் கண் இல்லையோ?"

"எனக்குத் திருக்கை குத்தினபோது அந்த மனிசன்தான் காப்பாத்தினது. நீ அப்ப எங்க இருந்தனி?" அவன் கண் சிவந்துவிட்டது. வளையில் கொழுவியிருந்த வாலை உருவினான். "இதைச் செய்தவன் அங்க வலை பொத்திக்கொண்டிருக்கிறான். என்ர பிள்ளை இங்க துடிக்குது. அவனுக்கும் ஆறாத காயம் எப்பிடி எண்டு தெரியோணும்."

போய்விட்டான். நான் செருப்பும் போடாமல் பின்னால் ஓடினேன்.

மரியதாஸ் தன் கொட்டில் நிழலில் குந்தியிருந்து வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கும் முன்பே முதுகில் முதல் அடி விழுந்தது. சட்டை கிழிந்து தோலும் சேர்ந்து வந்தது. அவன் எழும்ப முயன்றபோது வலை காலில் சிக்கி முகம் குப்புற விழுந்தான். பிறகு அவனால் எழும்ப முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் வால் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது சதையைக் கீறிக்கொண்டு வந்தது. கலாராணி "கொல்லுறானே, கொல்லுறானே" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினாள். கரையில் நின்ற ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நாசமாய்ப் போனவர்கள்.

நான் மரியதாஸின் மேலே விழுந்தேன். அடுத்த அடி என் இடது கையில் விழுந்தது, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. கொதிக்கிற எண்ணெயை ஊற்றினது போல இருந்தது.

"அக்கா, எழும்பு!" என்றான் தம்பி. அவன் வாயோரம் நுரை.

"என்னையும் அடி. அடியடா, நாயே!"

அவன் கை ஓங்கியபடி நின்றது. அதற்குள் கலாராணியின் அண்ணன்மார் கத்தியோடும் துடுப்புத் தண்டோடும் ஓடி வந்தார்கள். ஒருவன் வீசிய தண்டு தம்பியின் தோளில் பட்டது. தம்பி அவனுடைய கண்ணில் வாலால் இழுத்துவிட்டு ஓடினான். அன்றைக்குப் பின்னேரமே எங்கள் வள்ளத்தை எரித்தார்கள். இயந்திரத்தைக் கோடாலியால் கொத்தினார்கள். தடுக்கப் போன எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு வெட்டு, அவர்கள் பக்கத்தில் ஒருவனுக்கு மண்டை பிளந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று கல்லெறிந்தது.

நான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வீடு திறந்து கிடந்தது. டிலோஜினியும் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி இருவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒளித்துவிட்டான்.

பொலிசும் தேடியது, கலாராணியின் அண்ணன்மாரும் தேடினார்கள், நானும் தேடினேன். தம்பியின் போன் வேலை செய்யவில்லை. கட்டுக்கரைப் பரியாரியாரின் வீட்டுக்கும் போனேன், பூட்டிக் கிடந்தது. தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கினேன். தெரியாது என்றவர்களையெல்லாம் திட்டினேன். ஒவ்வொரு நாளும் அந்தக் குழி எவ்வளவு அகன்றிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

என் கை வீங்கியது. சிவந்தது. ஒரு விடியற்காலை துணியை அவிழ்த்தபோது காயத்தில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. நான் கட்டிலில் இருந்து அதைப் பார்த்து ஓவென்று அழுதேன். என் உடம்பில் அந்த அணுக்கள் எல்லாம் ஓடி வந்து நின்று சண்டை பிடித்துச் செத்திருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு இந்த அழுக்கு இல்லையே என்று அழுதேன்.

பிறகு மரியதாஸ் வீட்டுக்குப் போனேன். கலாராணி மீன் கழுவிய தண்ணீரை அப்படியே என் மேல் வீசினாள். "எந்த முகத்தோட வர்றே? உன் தம்பி மனுசனா?"

"மனுசன் இல்லைதான். காயத்தைப் பார்க்க விடு" என்றேன். செதில் ஒட்டின உடம்போடு உள்ளே போனேன்.

மரியதாஸ் பாயில் குப்புறக் கிடந்தான். முதுகு முழுவதும் சீழும் பொருக்கும். ஓரங்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறத் தொடங்கியிருந்தது. அதே வால், அதே கை. அவனுக்கு ஆறிக்கொண்டிருந்தது.

"புள்ள எப்படிக்கா இருக்கு?" என்றான். அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"எங்க இருக்கெண்டே தெரியேல்லை, தம்பி."

அவன் கலாராணியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் சொன்னான். "எங்க மச்சானுங்க எடத்தக் கண்டுபுடிச்சுட்டாங்க. கட்டுக்கரைக் கொளத்துக்குப் பக்கம், பரியாரியோட தோட்டக் கொட்டில். இன்னைக்குக் கத்தியோட போறாங்க. புள்ள இருக்கிற எடத்துல வெட்டுக்குத்து வேணாம்க்கா. நீங்க முந்திப் போங்க."

"ஏன் இவளுட்டச் சொல்றீங்க?" என்று கலாராணி கத்தினாள். "அவன் சாகட்டும்!"

"புள்ள மேல பட்டது என் கைடி" என்றான் மரியதாஸ்.

ஓட்டோ பிடித்துப் போனேன். முருங்கன் தாண்டி, வயல்வழியே குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர உச்சிவெயில். தோட்டத்துக் கொட்டிலுக்குப் பத்தடி முன்னாலேயே மணம் வந்தது. என்ன மணம் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை ஓலைப்பாயில் கிடந்தாள். முழங்கால்வரை கறுத்துவிட்டது. அப்போதும் சீழ் இல்லை. டிலோஜினி சுவரோடு ஒட்டி இருந்து விசிறிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. ஆஸ்பத்திரி என்று அவளும் வாய் திறந்திருக்கிறாள். பரியாரியார் மூலையில் திருக்கைவாலின் பாதியை எரித்துச் சாம்பலை எண்ணெயில் குழைத்துக்கொண்டிருந்தார். எதனால் பட்டதோ அதன் சாம்பல்தான் மருந்தாம். மிச்சப் பாதி தம்பியின் பக்கத்தில் கிடந்தது.

"ஏன் வந்தனி?" என்றான் தம்பி.

கைக்கட்டை அவிழ்த்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பார். நீ அடிச்சது. இதே வால். சீழ் கட்டிச்சுது, பொருக்கு வந்திட்டுது, ஆறப்போகுது. மரியதாஸின்ர முதுகையும் இப்பதான் பாத்திட்டு வாறன். அவனுக்கும் ஆறுது. வாலில விஷம் இருந்தால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஏன்டா ஆறுது?"

அவன் என் கையைப் பார்த்தான். பிள்ளையின் காலைப் பார்த்தான். மறுபடி என் கையைப் பார்த்தான். பரியாரியார் குழைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு சட்டியைத் தள்ளி வைத்தார். "பிள்ளையைக் கொண்டு போங்கோ தம்பி. இது என்ர கைக்குள்ள இல்லை" என்றார்.

"அப்ப இது ஆற்றை வேலை?" என்றான் தம்பி. "ஆர் இதைப் பிள்ளைக்குச் செய்தது?"

"ஒருத்தரும் செய்யேல்லை. உன்னட்டை அந்தப் பிழை ஒரு பங்கு இருக்கு. டிலோஜினியிட்ட ஒரு பங்கு இருக்கு. ரெண்டு பேரும் ஒரே குடும்பம் எல்லோ. என்னட்டையும் இருக்கும். ஒண்டு மட்டும் இருந்தால் ஒண்டும் தெரியாது. இவளிட்ட ரெண்டும் சேர்ந்திட்டுது."

டிலோஜினியின் விசிறி நின்றது.

"அப்ப நான் ஆரை அடிக்கிறது?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை அவன் உண்மையாகவே கேட்டான். சின்னப் பிள்ளை வழி கேட்பது போலக் கேட்டான். கேட்டுக்கொண்டே அவன் பார்வை டிலோஜினி பக்கம் போயிற்று, கை வாலைத் தேடிற்று. எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்தது. வாலைப் பறித்தேன். முழு உரத்தோடு அவன் முகத்தில் இழுத்தேன். நெற்றியிலிருந்து தாடைவரை தோல் பிளந்தது.

"ஆரை எண்டு கேட்டாய் எல்லோ! இந்தா! இந்தா, ஆள்!" இரண்டாம் அடி கழுத்தில். "தூக்கடா பிள்ளையை!"

அவன் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. இரத்தம் கண்ணுக்குள் வழிய, பிள்ளையை வாரித் தூக்கினான்.

வெளியே வந்தபோது மோட்டார் சைக்கிள்கள் வாசலை மறித்து நின்றன. கலாராணியின் அண்ணன்மார். ஒருவனுக்கு ஒரு கண் கட்டியிருந்தது. மூவர் கையிலும் மீன் வெட்டும் கத்தி. தம்பி நின்றான். "வெட்டுங்கோ. பிள்ளையை அக்காட்டைக் குடுத்திட்டு வாறன், வெட்டுங்கோ" என்றான். கண் கட்டியிருந்தவன் கத்தியை ஓங்கிக்கொண்டு கிட்ட வந்தான். பிள்ளையின் காலைப் பார்த்தான். மணம் அவன் மூக்கிலும் ஏறியிருக்கும். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் துப்பினான். பிறகு மோட்டார் சைக்கிளை உருட்டி ஓட்டோவுக்கு வழி விட்டான்.

முருங்கனில் ஊசி போட்டு மன்னாருக்கு அனுப்பினார்கள். மன்னாரில் இரத்தம் சோதித்தார்கள். இளம் டொக்டர் ஒருத்தி தாளைப் பார்த்துவிட்டு, இது மெஷின் பிழையாக இருக்கும், இவ்வளவு வெள்ளை அணுக்கள் இருக்க முடியாது என்றாள். பிழையில்லை என்று சொன்னேன். அத்தனையும் இரத்தத்துக்குள் நிறைந்து கிடக்கின்றன, ஒன்றும் இறங்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, என்னென்ன சோதனை செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கேட்டாள், கேட்டபடி செய்தாள். அம்புலன்ஸ் கொழும்புக்குப் போயிற்று.

வேறொருவரின் எலும்புக்குள் இருக்கும் மச்சையைச் செலுத்தினால் இந்தப் பிள்ளைகள் பிழைக்கும். எப்போதோ தெரிந்திருந்தால் அதற்கு வழி பார்த்திருக்கலாம். இப்போது கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, முதலில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன்னால் பிரான்சிஸ்கா கண் விழித்தாள். நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

"மாமி, நீங்கள் வெட்டேக்கை எலிக்கு நோகுமோ?"

"இல்லைக் குஞ்சு. நித்திரையாக்கிப் போட்டுத்தான் வெட்டுறனான்."

"என்னையும் நித்திரையாக்குவினமோ?"

"ஓம் குஞ்சு."

"அப்ப சரி" என்றாள்.

அந்த நித்திரையிலிருந்து அவள் எழும்பவில்லை.

அடக்கத்துக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். மரியதாஸ் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் வாசலிலேயே நின்றுவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு தம்பி, எரிந்து மிஞ்சிய அந்தப் பாதி வாலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனான். நான் பயந்து பின்னால் போனேன். அங்கே வந்து நின்ற மரியதாஸின் முன்னால் முழந்தாளிட்டு, வாலை அவன் கையில் திணித்தான்.

"அடி."

"வேணாம்ண்ணே."

"என்ர பிள்ளையை அடிச்சனி எல்லோ? என்னையும் அடி. அடியடா!"

"மாட்டேண்ணே." மரியதாஸ் வாய் கோணி அழுதான். வாலைச் சுழற்றிக் கடலில் எறிந்தான். தம்பி அவன் காலைப் பிடித்து இழுத்து விழுத்தினான், உதைத்தான், அடிக்கச் சொல்லிக் கெஞ்சினான். இரண்டு பேரும் மணலில் கட்டிப் புரண்டார்கள். கடைசிவரை மரியதாஸ் கை ஓங்கவில்லை.

தம்பி பொலிசில் சரணடைந்து, பிணையில் வந்தான். நான் ஒசாகாவுக்குப் போக வேண்டிய திகதியும் கடந்து போயிற்று. ஒரு காலை டிலோஜினி என் தோளை உலுப்பினாள். "மச்சாள், பின்னுக்குப் போய்ப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்யிறார். எனக்குச் சொல்லப் பயம்."

பின்வாசல் படியில் தம்பி இருந்தான். ஒரு கையில் சின்னக் கண்ணாடி, மறு கையில் மீன் அரியும் கத்தியின் நுனி. முகத்தில் நான் இழுத்த கோடு. அதன் பொருக்கை நிமிண்டி எடுத்து, அடியில் வந்திருந்த புதுத்தோலைக் கீறிக்கொண்டிருந்தான். இரத்தமும் சீழும் தாடையால் வழிந்தன.

"டேய்! கத்தியைத் தா!"

பறித்து எறிந்தேன். கன்னத்தில் அறையக் கை ஓங்கினேன். அறைவதற்கு அங்கே இடம் இல்லை.

"அக்கா, இது ஏன் ஆறுது?" என்றான்.

நான் அவன் பக்கத்தில் படியில் இருந்தேன்.

"நான் விடேல்லை. ஒவ்வொரு நாளும் கிண்டுறன். அடுத்த நாள் பாத்தால் சீழ் கட்டியிருக்கு, பொருக்கு வந்திருக்கு. நீ படிச்சனி எல்லோ. எலியளுக்கு நிப்பாட்டினனி எல்லோ. எனக்கும் இதை நிப்பாட்டேலாதோ?"

"ஏலாதடா."

"எத்தினை தரம் வெட்டினாலும் வருமோ?"

"ஓம். வரும்."

அவன் கையில் பட்டிருந்த சீழைப் பார்த்தான். விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு என் மடியில் தலையை வைத்துக் கத்தினான்.

"என்ர பிள்ளையிட்ட ஒண்டும் வரேல்லையே அக்கா. ஒண்டுகூட வரேல்லையே."